சிசேரியன் முதுகு ஊசி: எலி ஆய்வு சொன்னது வேறு

"முதுகில் போடும் மயக்க ஊசி எலிகளின் தண்டுவடத்தை அழித்தது. அதையேதான் சிசேரியனுக்கும் போடுகிறார்கள், மறுத்துவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அப்படி ஓர் ஆய்வு இருப்பது உண்மைதான். 'அனஸ்தீசியாலஜி' இதழில் 2010-ல் வந்தது. அதில் பிறந்து 3 நாளே ஆன எலிக்குட்டிகளின் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் கீட்டமைன் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார்கள். நரம்பு செல்கள் கூடுதலாக இறந்தன. குழந்தைகளுக்கு அந்த மருந்தை முதுகுவழி கொடுக்கலாமா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் இந்தச் சோதனை. அதே குழு அடுத்து குளோனிடின் என்ற வேறொரு மருந்தைச் சோதித்தபோது அந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆக, மருந்துக்கு மருந்து முடிவு மாறும்.

சிசேரியனுக்கு முதுகில் போடுவது பெரும்பாலும் பூபிவகைன். அது உணர்வை மரத்துப்போகச் செய்யும் மருந்து, கீட்டமைன் அல்ல. பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. தலைவலி, ரத்த அழுத்தம் குறைவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. நிலையான நரம்புச் சேதம் மிக அரிது.

ஆய்வுச் சுருக்கத்தை, மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உங்களுக்கு எந்த மருந்து என்று மயக்கவியல் மருத்துவரிடமே கேளுங்கள், சொல்வார். பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணை இந்தச் செய்தி எவ்வளவு பயமுறுத்தும்! தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.