தனி ராஜாவுக்கு '16 நகர்வு' விதி உண்டா?

சதுரங்கத்தில் எதிராளியிடம் ராஜா மட்டுமே எஞ்சினால் 16 நகர்வுகளுக்குள் (சிலர் 21 என்பர்) செக்மேட் செய்ய வேண்டும், தவறினால் ஆட்டம் டிரா என்ற கூற்று நீண்ட காலமாகப் பரவிவருகிறது. இது தவறு. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் தனி ராஜாவுக்கென்று எந்தக் கணக்கும் இல்லை.

உண்மையில் இருப்பது 50 நகர்வு விதியே. இரு தரப்பிலும் தொடர்ந்து 50 நகர்வுகள் வரை எந்தச் சிப்பாயும் நகராமலும் எந்தக் காயும் வெட்டப்படாமலும் இருந்தால், தன் முறை வரும்போது எந்த ஆட்டக்காரரும் டிரா கோரலாம். கோராவிட்டால் ஆட்டம் தொடரும். ஆனால் அவ்வாறே 75 நகர்வுகள் கடந்துவிட்டால், கடைசி நகர்வு செக்மேட்டாக இல்லாத வரை, யாரும் கேட்காமலேயே ஆட்டம் டிராவாகும். எண்ணிக்கை ராஜா தனித்த கணத்திலிருந்து அல்ல, கடைசியாகக் காய் வெட்டப்பட்ட அல்லது சிப்பாய் நகர்ந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிஷப்பும் குதிரையும் கொண்டு தனி ராஜாவை மடக்க, பிழையின்றி ஆடினாலும் சில நிலைகளில் 33 நகர்வுகள் தேவைப்படும். 16 என்ற வரம்பு உண்மையாக இருந்தால், வெல்லக்கூடிய அந்த ஆட்டங்களில் பல அநியாயமாக டிராவாகிவிடும். தாய்லாந்தின் மக்ருக் சதுரங்கத்தில் எஞ்சிய காய்களைப் பொறுத்து நகர்வுகளை எண்ணும் முறை உண்டு, ஆனால் அது வேறு ஆட்டம். பள்ளிப் போட்டியில் எதிராளி '16 முடிந்தது' என்று கை நீட்டினால், மாணவர்கள் ஒப்புக்கொள்ளாமல் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்கலாம்.