அரங்குவீட்டுக் கதவு

எங்கள் ஆச்சி வீட்டில் அரங்குவீடு என்று ஓர் உள்ளறை உண்டு. ஜன்னல் கிடையாது. நெல் மூட்டை, கருப்பட்டிப் பானை, புளி எல்லாம் அதற்குள்தான். விடியற்காலை நாலரை மணிக்கு ஆச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சின்ன வயதில் கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் விளங்காது; சில நாள் முனகல் மட்டும் கேட்கும். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் தனியாக உண்டு. பாட்டும் வேதவாசிப்புமாகத் தெருவுக்கே கேட்கும். குடும்ப ஜெபம் முடிந்ததால் காலையில் அரங்குவீட்டுக்குப் போக வேண்டாம் என்று ஆச்சி ஒரு நாளும் நினைத்ததில்லை. நான் அப்படித்தான் பல வருடம் நினைத்திருந்தேன்.

மத்தேயு 6:6-இல் இயேசு, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணச் சொல்கிறார். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கிற சொல் தமெயோன். சாமான் சேர்த்துவைக்கிற உள்ளறை என்று பொருள். லூக்கா 12-இல் காகங்களுக்குப் பண்டசாலை இல்லை என்று வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். ஒரு வேதபாட வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கருப்பட்டி வாசம்தான் வந்தது. ஆண்டவர் சொன்னது அரங்குவீட்டைத்தான்!

இன்று நம்மில் பலர் ஜெபத்தை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் வாக்குத்தத்த வசனம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கஷ்டம் வந்தால் ஜெப உதவிக்கு ஒரு எண் இருக்கிறது. சபையாக ஜெபிப்பதையோ, ஊழியக்காரரிடம் ஜெபிக்கச் சொல்வதையோ நான் குறை சொல்லவில்லை. அவை எனக்கும் வேண்டும். ஆனால் என் அப்பா ஐசியுவில் இருந்தபோது எல்லா ஜெபக் குழுக்களுக்கும் விவரமாக எழுதி அனுப்பினேன். அப்புறம் நடுராத்திரியில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து நானே ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். வார்த்தை வரவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, கைமாற்று வாங்க மட்டும் சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்கிற மாதிரி.

ஆண்டவர் என்னைத் துரத்தவில்லை. வேதத்தில், பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்தான். கர்த்தருக்கு அது கேட்டது. எனக்கு அன்று உதடுகூட அசையவில்லை. அழுதேன். அவ்வளவுதான்.

ஏன் தினமும் ஜெபிக்க வேண்டும் என்று என் மகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி. இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தையே பாருங்கள்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." இந்த மாதத்துக்கு என்று இல்லை, இன்று. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த ஆகாரமான மன்னாவை மறுநாளைக்கு எடுத்துவைத்தவர்களுக்கு அது புழுத்து நாறிப்போனது. தினமும் வரவேண்டும் என்றுதான் தினமும் தருகிறார். இன்னொன்றும் உண்டு. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக இருக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபம் 'என் பிதாவே' என்று ஆரம்பிக்கவில்லை, 'எங்கள் பிதாவே' என்கிறது. தனி ஜெபம் சுயநலமாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு சொல்லைத்தான் காட்டுவேன். எனக்குப் பிடிக்காத அந்த ஆளும் அந்த 'எங்கள்'-இல் இருக்கிறான். பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகு அவன்மேல் பழைய கோபத்தை அப்படியே வைத்திருக்க என்னால் முடியவில்லை.

எப்படி ஜெபிப்பது என்று கேட்ட தன் நாவிதர் பேதுருவுக்கு, ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535-இல் பதில் எழுதினார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும். 'கொஞ்சம் பொறு, முதலில் இதை முடித்துவிடுகிறேன்' என்ற நினைப்புக்கு இடம் கொடுக்காதே என்கிறார். சவரக்கத்தியின்மேல் நாவிதர் வைக்கிற கவனத்தைத்தான் ஜெபத்துக்கு உவமையாகக் காட்டுகிறார்.

எங்கள் ஃபிளாட்டில் அரங்குவீடு இல்லை. ஐந்து மணிக்கு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். போன் படுக்கையறையிலேயே இருக்கும். ஒரு சங்கீதம் வாசிப்பேன், அப்புறம் முழங்கால். நேற்று பாதியில் தண்ணீர் மோட்டார் போடாதது ஞாபகம் வந்தது. எழுந்துபோய்ப் போட்டுவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.