மெட்ரோ வண்ணாரப்பேட்டையோட நிக்கலங்க

"வடசென்னைக்கு மெட்ரோ வண்ணாரப்பேட்டை வரைக்கும்தான், திருவொற்றியூர் போகணும்னா அங்க இறங்கி பஸ் புடிங்க"ன்னு ஒரு மெசேஜ் நம்ம ஏரியா வாட்ஸ்அப்ல மறுபடியும் சுத்துது. தப்பு.

2019 பிப்ரவரில அது உண்மை, அப்போ கடைசி ஸ்டேஷன் வண்ணாரப்பேட்டைதான், முதல்ல போட்ட திட்டமும் அங்கயேதான் முடிஞ்சுது, அதனாலதான் இந்தப் பேச்சு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா 2021 பிப்ரவரி 14-லயே திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரைக்கும் சுமார் 9 கிலோமீட்டர் தொறந்தாச்சு. 2022 மார்ச்ல திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் டிப்போவும் சேந்துச்சு. ஏர்போர்ட்ல இருந்து மெட்ரோவோட ப்ளூ லைன் நேரா திருவொற்றியூருக்கே வருது.

எங்க அத்தை அந்த மெசேஜ நம்பி, திருவொற்றியூர் வடிவுடையம்மன பாக்க சைதாப்பேட்டைல இருந்து வந்தவங்க, தேங்கா பழம் பையோட வண்ணாரப்பேட்டைல இறங்கி வெயில்ல ஆட்டோக்காரங்ககிட்ட பேரம் பேசிக்கிட்டு நின்னாங்க, மனசு கேக்கல. தேரடில இறங்கியிருந்தா நடந்தே கோயிலுக்குப் போயிருக்கலாம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, பீக் ஹவர்ல சில ட்ரெயின் வண்ணாரப்பேட்டையோட திரும்பிடும், அப்போ ஸ்டேஷன விட்டு வெளிய வராதீங்க, விம்கோ நகர்னு போர்டு போட்டு வர்ற ட்ரெயின்ல ஏறிக்கோங்க.