பொன்னாடை வேண்டாம், மண்ணெண்ணெய் காசு கொடுங்க

அந்த கியூஆர் கோடு படத்தை வச்சு ரெண்டு நாளா நடக்கிற கூத்தை நீங்களும் பார்த்துக்கிட்டுதான் இருக்கீங்க. கடல்ல காணாமப் போன வள்ளத்தை (நாட்டுப் படகு) தேடிப் போக, ஊர்ப் பையன்கள் அந்தக் கோடைப் போட்டு மண்ணெண்ணெய்க்குக் காசு கேட்டாங்க. கீழே யாரோ, "இதை அரசாங்கம்ல கொடுக்கணும்"னு எழுதிட்டாங்க. உடனே நம்ம பெரிய மனுசர் வந்துட்டார். "இங்கிலாந்தில் 200 வருசமா மக்கள் நன்கொடையில்தான் கடல் மீட்பு நடக்குது. நம்மாட்கள்தான் எதுக்கெடுத்தாலும் அரசாங்கத்துகிட்ட கையேந்துறாங்க." அதுக்கு எத்தனை லைக், எத்தனை கைதட்டல்!

ஐயா, பையன்கள் கேட்டதே நன்கொடைதானே? நீங்க எவ்வளவு போட்டீங்க?

ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். தேடப் போறவன் கூலி கேட்கலை. போய் வர்ற செலவைக் கேட்கிறான். இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட மேற்கொண்டு பேசி என்ன ஆகப்போகுது? ஆனாலும் மனசு கேட்கலை, எழுதுறேன்.

அவர் சொன்ன அந்த இங்கிலாந்துக் கடல் மீட்பு அமைப்போட பேர் ஆர்என்எல்ஐ, 1824-ல் ஆரம்பிச்சது. உண்மையிலேயே பெரிய அமைப்பு, எனக்கும் மரியாதை உண்டு. ஆனா அங்கே தன்னார்வலர்னா என்னன்னு கொஞ்சம் பாருங்க. பூல் நகரத்தில் அவங்களுக்குன்னே பயிற்சிக் கல்லூரி இருக்கு. உடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாம் அமைப்போடது. ஷானன் வகை மீட்புப் படகு ஒண்ணு 20 லட்சம் பவுண்டுக்கு மேலே. அந்தப் பணத்தில் பெரும்பங்கு, சாகும்போது உயில் எழுதி வச்சுட்டுப் போறவங்க கொடுத்தது. எங்க ஊர்ல உயில் எழுதுற அளவுக்கு யார்கிட்ட என்ன இருக்கு? பாதி பேருக்கு வீட்டுக்கே பட்டா இல்லை.

இன்னொண்ணையும் அவர் வசதியா விட்டுட்டார். அங்கே அழைப்பு வந்ததும் யாரை எங்கே அனுப்புறதுன்னு ஒருங்கிணைக்கிறது அரசோட கடலோரக் காவல். ஹெலிகாப்டர் அரசுச் செலவு. 1854-லிருந்து 1869 வரைக்கும் ஆர்என்எல்ஐயே அரசுப் பணம் வாங்கியிருக்கு. பிறகு வேண்டாம்னு விட்டுட்டாங்க. "பார்த்தீங்களா, அரசுப் பணம் வந்தா அதிகாரமும் கூடவே வரும்"னு சொல்லப் போறீங்க. சரி, வரும். ஒத்துக்கிறேன். ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கு முதல்ல ஒருத்தன் கொடுக்கணும்ல?

ஓகி புயல் நேரத்தில் நான் ஊர்ல இருந்தேன். 2017 நவம்பர் 30. தங்கலுக்கு, அதாவது பல நாள் கடல்லயே தங்கி மீன்பிடிக்கப் போன படகுகளுக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. காற்று கொஞ்சம் அடங்கினதும் மாமா வள்ளத்தை இறக்கினார். மாமி சீட்டுக்குக் கட்ட வச்சிருந்த காசுலதான் மண்ணெண்ணெய். "இந்தக் கடல்ல எப்பிடி போவீரு?"ன்னு மாமி கேட்டதுக்கு, "அங்க கெடக்கவன் நம்ம பயதானட்டி, போவாம இருக்க முடியுமா?"ன்னார். அவ்வளவுதான் பேச்சு. கூடப் போன நாலு பேரும் யாருக்கும் ஃபோன் அடிச்சு அனுமதி கேட்கலை, செல்ஃபி எடுக்கலை. அரசுக் கப்பலும் விமானமும் தேடத்தான் செஞ்சது, இல்லைன்னு சொல்லலை. ஆனா எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கும், எங்கே தேடணும்னு தெரிஞ்சவங்க கரையில் நின்னு, "எங்களையும் ஏத்திட்டுப் போங்க"ன்னு கெஞ்சினாங்க. கடைசியில் டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கில் குமரி மாவட்டத்துக் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் தண்டவாளத்தில் உட்கார வேண்டியதாப் போச்சு. தேடுங்கன்னு சொல்றதுக்கே மறியல்!

பிறகு மாமா அந்த மண்ணெண்ணெய்ச் செலவைக் கேட்டு ஒரு ஆபீஸுக்குப் போனார். பில் இருக்கான்னு கேட்டாங்களாம். புயல் ராத்திரியில் தெருவுல வீடு வீடா கேன் வாங்கி ஊத்தினதுக்கு பில்!

"கடலோரக் காவல்படை இருக்கே, 1554-க்குக் கூப்பிடலாமே"ன்னு ஒரு நண்பர் கேட்டிருக்கார். கூப்பிடுறோம், அண்ணே. அவங்க வந்து சேர்ற வரைக்கும் கரையில் நின்னு வேடிக்கை பார்க்கவா? பக்கத்துல நிக்கிற வள்ளம்தான் முதல்ல போகும். உலகத்துல எந்தக் கடல்லயும் அப்படித்தான். ஓகிக்குப் பிறகு கேரளத்தில் கடல் ஆம்புலன்ஸ் மூணு விட்டாங்க. அது போதாதுன்னு அங்கேயும் சொல்றாங்க, இருந்தாலும் அரசு செய்ய முடியும்கிறதுக்கு அதுவே சாட்சி.

"காசு கொடுத்தா தியாகம் கெட்டுப்போகும்"னு இன்னொருத்தர். அடேயப்பா! 2018 வெள்ளத்தில் கேரள மீனவர்கள் சுமார் 65,000 பேரை மீட்டதா அந்த அரசே கணக்குச் சொன்னது. படகுக்கு நாளைக்கு 3000 ரூபாயும் எரிபொருளும் தர்றோம்னு முதலமைச்சர் அறிவிச்சார். அப்போ கொச்சிப் பையன் ஒருத்தன், சகோதரங்களைக் காப்பாத்தினதுக்குப் பணம் வேண்டாம்னு வீடியோ போட்டான். அதை நீங்க எல்லாரும் கண்ணீர் விட்டு ஷேர் பண்ணீங்க. அதே வீடியோவில், உடைஞ்ச படகைச் சரிபண்ணித் தர்றேன்னது நல்ல விஷயம்னும் சொன்னான். அந்தப் பாதி மட்டும் எப்படி உங்க காதுல விழாமப் போச்சு? நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றதும் அதேதான். கூலி வேண்டாம், செலவைக் கொடு.

2015-ல் சென்னையில் உங்க மொட்டை மாடிக்குக் கீழே படகு வந்தப்போ நாங்க கடவுள். டிவியில் ஹீரோ. மேடை போட்டுப் பொன்னாடை. வெள்ளம் வடிஞ்சதும் அதே ஆள் உங்க பஸ்ஸில் ஏறினா மூக்கைப் பொத்துறீங்க. இப்போ ரெண்டு கேன் மண்ணெண்ணெய் கேட்டா கையேந்துறவன். எங்களுக்கு எந்தப் பேர் வைக்கிறதுன்னு உங்களுக்குள்ளயே பேசி ஒரு முடிவுக்கு வாங்க.

இங்கிலாந்துலயும் எல்லாம் தேனும் பாலுமா ஓடலை. 1981 டிசம்பரில் பென்லீ மீட்புப் படகில் போன எட்டுப் பேரும் திரும்பலை. எட்டுப் பேரும் தன்னார்வலர்கள். அந்தக் குடும்பங்களுக்கு மக்கள் அள்ளிக் கொடுத்த நன்கொடை மேலயே வரி போடப் பார்த்தது அரசு. ஜனங்க கொதிச்ச பிறகுதான் பின்வாங்கினாங்க.

இதை எல்லாம் எழுதி முடிக்கிறதுக்குள்ள ஒருத்தர் இன்பாக்ஸில் வந்து, "அரசு காசு கொடுத்தா தேடப் போகாமலே பொய்க்கணக்கு எழுதுவாங்க"ங்கிறார். கணக்கைக் கேளுங்க, ஜிபிஎஸ் வைங்க, ஆள் அனுப்புங்க, யாரும் தடுக்கலை. ஆனா கடல்ல கிடக்கிறது அவனோட அண்ணன்யா. அண்ணனைத் தேடாம விட்டுட்டு கேன் கணக்கு எழுதிக்கிட்டு இருப்பான்னு நினைக்க ஒரு மனசு வேணும் பாருங்க. உங்களை பிளாக் பண்ணியாச்சு.