பச்சை டிக் விழுந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

"எல்லாம் க்ளவுடுல இருக்கு, கவலையே இல்ல" என்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு முன் தவறுதலாக அழித்த ஃபோல்டரை இப்போது எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் க்ளவுட் சேமிப்பான ஒன்டிரைவின் தனிநபர் கணக்கிலும் சரி, கூகுள் டிரைவிலும் சரி, குப்பைத்தொட்டியின் ஆயுள் 30 நாள். 31ஆம் நாள் போய்க் கதறினாலும் கிடைக்காது. தவறுதலாக அழிந்த கோப்பை அடுத்த வாரமே யாராவது தேடுவார்களா? அது தேவைப்படும் நாளில்தானே தேடுவார்கள்!

இவை செய்வது சிங்க், அதாவது கணினியையும் க்ளவுடையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. பச்சை டிக் சொல்வதும் அவ்வளவுதான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். அது வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதன் மேல் "பேக்கப்" என்று லேபிள் ஒட்டி விற்பவர்கள் மேல்தான் கோபம். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டப்பை முடித்தால், பல கணினிகளில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் சத்தமில்லாமல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோய்விடுகின்றன. இலவச இடம் 5 ஜிபி. நாலு வீடியோவில் நிரம்பிவிடும். நிரம்பியதும் சிங்க் நின்றுபோகும், மூலையில் ஒரு சின்னச் சிவப்புக் குறி வரும், அதை யாரும் பார்ப்பதில்லை. "வேண்டாம்டா சாமி" என்று இந்த ஒன்டிரைவ் ஏற்பாட்டை அணைத்தால், பழைய பதிப்புகளில் டெஸ்க்டாப்பே காலியாகிவிடும். மிச்சம் நிற்பது "என் கோப்புகள் எங்கே" என்ற பெயரில் ஒரு ஷார்ட்கட். நக்கலைப் பாருங்கள்.

அதைவிடக் கொடுமை ஐகான் விவகாரம். கோப்பின் பக்கத்தில் வெறும் மேகம் இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. அந்த ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்தால் ஒவ்வொன்றும் முதலில் நெட்டிலிருந்து இறங்க வேண்டும். நடுவில் நெட் போனால் காப்பியும் போச்சு. காப்பிக்கு முன் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து "எப்போதும் இந்தச் சாதனத்தில் வை" என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் பச்சை வட்டமாக மாறும்வரை காத்திருக்க வேண்டும். இதை எந்தத் திரையிலும் யாரும் சொல்வதில்லை.

சரி, வெளி டிஸ்க் வாங்கியாயிற்று. அடுத்த கூத்து கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி. ஃபோட்டோ நாலைந்துக்கு அது போதும். லட்சம் கோப்புக்கு? பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டிய கோப்பில் முட்டும், அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு திறந்திருந்தால் அதில் முட்டும். "ஸ்கிப்" அமுக்குவீர்கள். எவையெல்லாம் விடுபட்டன என்பதற்கு எந்தப் பட்டியலும் கிடையாது. பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறவே ஏறாது, 50 ஜிபி காலியாக இருந்தாலும்.

ரோபோகாப்பிக்குப் போங்கள். கட்டளை தட்டச்சு செய்து ஓட்டும் காப்பிக் கருவி, விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் அதன் இயல்பு அமைப்பை எழுதிய மகானைக் கும்பிட வேண்டும். ஒரு கோப்பு பூட்டியிருந்தால் 10 லட்சம் முறை முயலும், முறைக்கு 30 நொடி காத்திருக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஒரே ஒரு கோப்புக்காக 347 நாள்! அதனால் ஒருமுறைதான் மறுபடி முயல், ஒரு நொடிதான் காத்திரு என்று சொல்லும் /ஆர்:1 /டபிள்யூ:1 இரண்டையும் கட்டாயம் போடுங்கள். /எக்ஸ்ஜே போடாமல் யூசர் ஃபோல்டரை முழுதாகக் கொடுத்தால் ஜங்ஷன்கள் (வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் இணைப்புகள்) வழியாகச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குள் போய்க்கொண்டிருக்கும். நடந்ததை ஒரு கோப்பில் எழுதிவைக்கும் /லாக் வைத்தால்தான் எது தோற்றது என்று தெரியும்.

இணையத்தில் பாதிப் பேர் பரிந்துரைக்கும் /எம்ஐஆர் இருக்கிறதே, அது மூலத்தில் இல்லாததை இலக்கில் அழிக்கும். மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டு, அந்த வெளி டிஸ்க்கும் புதிதாகக் காலியாக இருந்தால், உங்கள் அசல் ஃபோல்டர் சுத்தமாகத் துடைக்கப்படும். மறுபேச்சுக் கேட்காது. முதலில் /எல் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் சொல்லும். அப்படிப் பார்த்த பிறகும் /எம்ஐஆர் எனக்குப் பிடிக்காது. துணை ஃபோல்டர்களோடு காப்பி செய்து, எதையும் அழிக்காத /இ போதும்.

டி டிரைவில் காப்பி வைத்திருப்பவர்களே, உங்கள் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பார்ட்டிஷன் என்றால் ஒரே பானையின் நடுவில் கோடு போட்டுக்கொண்டு இரண்டு பானை என்கிறீர்கள்.

வெளி டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு: கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சி டிரைவோடு நிற்காது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, செருகியிருந்த டிஸ்க்குகளையும் பூட்டியது, விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய நகல்களான ஷேடோ காப்பிகளையும் அழித்தது. காப்பி முடிந்ததும் எஜெக்ட் செய்து கழற்றுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். "யூஎஸ்பி 2.0 போர்ட்டில் மெதுவாகப் போகிறது" என்பதற்காக யாரும் பாதியில் பிடுங்காதீர்கள். நொடிக்கு 35 எம்பி வேகத்தில் 500 ஜிபி ஏற நாலு மணி நேரம் ஆகத்தான் செய்யும். நீலப் போர்ட்டில் (யூஎஸ்பி 3) செருகினால் அதே டிஸ்க் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கும்.

டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருக்கிறீர்களா? மதர்போர்டு போனால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதை அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் டெக்ஸ்ட் கோப்பாக வைத்திருக்கும் புண்ணியவான்கள் கணக்கில்லை. காகிதத்தில் அச்சிடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, ஒருமுறைகூட திருப்பி எடுத்துப் பார்க்காதவர்கள்தான் பெரும்பாலோர். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. பேக்கப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு பொருந்தாததால் பேக்கப் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. பொறியாளர் படையே இருக்கும் இடத்தில் அப்படி என்றால், உங்கள் கணினியை யார் கண்காணிக்கிறார்கள்? ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியைப் பயன்படுத்துபவர்களும் கவனியுங்கள்: வெறும் செக் கட்டளை கட்டமைப்பை மட்டும்தான் சரிபார்க்கும். ரீட்-டேட்டா சேர்த்தால்தான் உள்ளே இருப்பதை உண்மையில் படித்துப் பார்க்கும். மற்றவர்கள் வேறொரு கணினியில் டிஸ்க்கைச் செருகி, பத்துக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது போதாது, திறக்க வேண்டும்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் பேக்கப்பைத் தானியங்கியாக ஓட விட்டவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம். இ டிரைவுக்குப் போகச் சொல்லியிருப்பீர்கள். நடுவில் யாரோ ஒரு பென்டிரைவைச் செருகியிருப்பார்கள், உங்கள் டிஸ்க் எஃப் ஆகிவிடும். அந்த வாரம் முதல் பேக்கப் பென்டிரைவில் ஏறும், அல்லது எங்குமே ஏறாது. எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து அந்த டிஸ்க்குக்கு இசட் போல ஒரு கடைசி எழுத்தைக் கொடுங்கள். அந்தக் கணினியில் அந்த எழுத்து பொதுவாக அப்படியே நிற்கும். பிறகு ஷெட்யூலரில் கடைசி ஓட்டத்தின் முடிவு என்ன எண் காட்டுகிறது என்று பாருங்கள்: ரோபோகாப்பிக்கு 8, அதற்கு மேல் என்றால் ஏதோ ஏறவில்லை, லாகைத் திறங்கள்.