பாட்டி வைத்தியமும் அந்தக் குப்பியும் ஒன்றல்ல

முந்தாநாள் எல்லோரும் பகிர்ந்த அந்தப் பழைய விளம்பரப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மா மடியில் குழந்தை, அழகான வண்ணம், மேலே "நம் பாட்டிமார் காலத்து வைத்தியம், பக்க விளைவே கிடையாது" என்று ஒரு வரி. நான் அதன் கீழே "இதில் மார்பின் இருந்தது" என்று மட்டும் எழுதினேன். வேறு ஒரு வார்த்தை இல்லை. (மார்பின் என்றால் அபினியிலிருந்து எடுக்கும் போதை மருந்து.) படத்தைப் போட்ட நண்பர் பத்து நிமிடத்தில் அதை அழித்துவிட்டார். பத்து வருடப் பழக்கம். அழித்ததோடு விடாமல், "கம்பெனிக்கு விலைபோனவர்கள் இங்கே வர வேண்டாம்" என்று பொதுவாக ஒரு வரி வேறு போட்டிருக்கிறார். பொதுவாகத்தான், பெயர் இல்லை. யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் இருப்பது எந்தப் பாட்டியின் வைத்தியமும் இல்லை. அது மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப், 1849இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் விற்பனைக்கு வந்த கம்பெனிச் சரக்கு. பல் முளைக்கும்போது அழும் குழந்தையைச் சாந்தப்படுத்தும் என்று சொல்லி விற்றார்கள். ஒரு அவுன்ஸில் சுமார் 65 மில்லிகிராம் மார்பின். ஒரு தேக்கரண்டிக்குப் பத்து மில்லிகிராம் பக்கம் வரும். குழந்தை சாந்தமாகத் தூங்கியது உண்மை. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை என்பதும் உண்மை. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் மார்பினை எடுத்துவிட்டு 1930 வரை விற்றார்கள்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். குப்பியில் என்ன இருக்கிறது என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பதிவுக்குக் கீழே இருந்த முந்நூறு பேரில் ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை.

என் ஆச்சி கையில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் உரைகல் வெளியே வந்துவிடும். வசம்பைச் சுட்டுக் கரியாக்கி, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் தனித்தனியாகத் தாய்ப்பாலில் உரைத்து, சங்கில் ஊற்றிப் புகட்டுவாள். தம்பி பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பக்கத்தில் உட்கார்ந்து சுற்றை எண்ணுவது என் வேலை. கடுக்காய்க்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் மறந்துவிட்டது, ஜாதிக்காய்க்கு இரண்டு என்பது மட்டும் மறக்கவில்லை. ஒரு நாள் விளையாட்டாக "இன்னொரு சுத்து போடு ஆச்சி, தம்பி நல்லாத் தூங்குவான்" என்றேன். கையை நிறுத்திவிட்டாள். "கூட ஒரு சுத்து போனா பிள்ள கெறங்கிரும், தூக்கத்துக்காவ மருந்து குடுக்கக் கூடாது பாத்துக்கோ" என்றாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஆனால் கல்லில் என்ன உரைக்கிறோம், எவ்வளவு உரைக்கிறோம் என்பது அவளுக்கும் தெரியும், பக்கத்தில் இருந்த எனக்கும் தெரியும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்காதே என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். என் பிள்ளைக்கு நான் அதைத்தான் கேட்டேன். அதனால் ஆச்சியின் கல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடாது. அந்தக் கல்லைக் கொண்டுபோய் அந்தக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்று என்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தக் காலத்து மருந்து என்றாலே குறை சொல்வாயா, அமிர்தாஞ்சனமும் அந்தக் காலத்து மருந்துதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கியது. கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். அந்தப் பணத்தில் ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்குப் பத்திரிகையை நடத்தினார், மயிலாப்பூரில் அவர் பெயரில் பூங்கா இருக்கிறது. தலைவலி வந்தால் நானும் அதைத்தான் தேய்க்கிறேன். பழையது எல்லாம் நஞ்சு என்று நான் எங்கே சொன்னேன்? பழையது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது என்கிறேன்.

அந்தக் காலத்தை அப்படித் தூக்கிப் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். "ஒரு பெட்டி ஒரு கினி பெறும்" என்று விளம்பரம் செய்த பீச்சம்ஸ் மாத்திரையைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பரிசோதித்து 1909இல் வெளியிட்டது. கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு, அவ்வளவுதான். கினி என்பது பழைய ஆங்கிலப் பொன் நாணயம், ஃபார்த்திங் என்பது கால் பென்னிச் சில்லறை. அரை ஃபார்த்திங் பெறும் சரக்கை நூறு மடங்குக்கு மேல் வைத்து விற்றிருக்கிறார்கள். பெண்களின் நோய்க்கு என்று வந்த லிடியா பிங்க்ஹம் மருந்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு சாராயம். "உங்கள் குறையை அம்மையாருக்கே எழுதுங்கள்" என்று விளம்பரம் சொல்லும், பெண்களும் வெட்கத்தை விட்டு எழுதினார்கள். அந்த அம்மையார் 1883லேயே இறந்துவிட்டார். 1905இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறையைப் படம் பிடித்துப் போட்டது. எழுதிய பெண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. வீட்டைக் கழுவும் லைசாலையே 1930களில் பெண்கள் உள்ளுறுப்பைக் கழுவ வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். அப்போது அதில் கிரெசால் இருந்தது, சதையைப் புண்ணாக்கும்.

இன்னொருவர், ரேடியம் கலந்து அமெரிக்காவில் மருந்தாக விற்ற ரேடித்தார் தண்ணீரைக் காட்டி மடக்கப் பார்த்தார். அதில் ரேடியம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லித்தானே விற்றார்கள் என்கிறார். சரி, சொன்னார்கள். ரேடியம் எலும்பை அரிக்கும் என்று சொன்னார்களா? ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர் அதை நூற்றுக்கணக்கான குப்பி குடித்து, தாடை எலும்பு போய் 1932இல் இறந்தார். பாதி உண்மையை எழுதுவதும் மறைப்பதுதான்.

1906இல் அமெரிக்கச் சட்டம் அபினியையும் மார்பினையும் தடை செய்யவில்லை என்பது பலருக்குத் தெரியாது. இருந்தால் லேபிளில் எழுது என்றது, அவ்வளவுதான். எழுதியதும் தாய்மார்கள் படித்தார்கள். நம் நாட்டில் மருந்துகளின் தரத்தை விசாரித்த சோப்ரா குழு 1931இல் அறிக்கை கொடுத்து, மருந்துச் சட்டம் வர 1940 ஆனது. மாயமருந்து விளம்பரத்துக்கு எதிரான சட்டம் 1954இல்தான்.

"இப்போது மட்டும் ஒழுங்கா?" என்ற கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அந்த லேபிளிலும் அது எழுதியிருக்கவில்லை. நான் கம்பெனிக்காரர்களின் ஆள் என்றால் இதை எழுதுவேனா?

என்னை விடுங்கள், பழகிவிட்டது. அந்தப் பதிவுக்குக் கீழே ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அண்ணா, என் பாப்பாவுக்கு ஐந்து மாதம், ராத்திரி எல்லாம் அழுகிறாள், இது இப்போ எங்கே கிடைக்கும்?" அண்ணா அதற்கு ஒரு இதயம் போட்டிருக்கிறார். அவளுக்குக் கீழேதான் நான் அந்த ஒரு வரியை எழுதினேன்.

அம்மா, நீ இதைப் படிக்கிறாயா தெரியவில்லை. அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை. அதே பெயர் சொல்லி யார் எதை அனுப்பினாலும் வாங்காதே. பாப்பாவை நாளைக்குக் காலையில் குழந்தை டாக்டரிடம் காட்டு. ராத்திரி ரொம்ப அழுதால் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொடு. உனக்குத் தூக்கம் இல்லாமல் முடியவில்லை என்றால் வீட்டில் வேறு யாரையாவது ஒரு மணி நேரம் வைத்திருக்கச் சொல்.