படத்தில் இரண்டு கிளாஸ் இருந்தன

போன வாரம் நான் போட்ட அமெரிக்காவின் ஒரேகன் மாநிலக் கடற்கரைப் படங்களுக்குக் கீழே என்ன நடந்தது என்று பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். அதையெல்லாம் திரும்ப எடுத்துப் போட எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் படத்தில் இரண்டு பீர் கிளாஸ் இருந்தன. ஒன்று என் கையில், இன்னொன்று என் கணவர் கையில். அவருக்கு "செம, என்ஜாய் மச்சான்" என்று வந்தது. எனக்கு "அம்மா பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று வந்தது. அவருடைய அம்மா என்ன நினைப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆமாம், சாப்பிடவும் பீர் குடிக்கவும்தான் போனோம். அதற்காகவே லீவு எடுத்து, எங்கே என்ன கிடைக்கும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து தேடிப் போன பயணம் அது. அஸ்டோரியாவில் தொடங்கி 101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே நியூபோர்ட் வரை. அஸ்டோரியாவில் ஒரு பழைய மீன்பிடிப் படகைத் தரையில் ஏற்றி நிறுத்தி, அதற்குள்ளேயே சூரை மீனை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிறார்கள். பவ்பிக்கர் என்று பெயர். வரிசை நீளம்தான், ஆனாலும் நில்லுங்கள். டில்லமூக்கில் பால் விவசாயிகள் 1909இல் தொடங்கிய கூட்டுறவு இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே சீஸ், ஐஸ்கிரீம். அப்புறம் பசிபிக் சிட்டி. பெலிக்கன் என்ற மதுக்கூடம் 1996இலிருந்து அங்கே மணலை ஒட்டியே இருக்கிறது. எதிரே கடலுக்குள் பெரிய பாறை. துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் மீன்பிடிப் படகுகள் அலையோடு வேகமாக வந்து நேராக மணலில் ஏறி நிற்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டே குடித்த பீர்தான் அந்தப் படத்தில் இருப்பது.

"பொது இடத்தில் இப்படியா" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரேகனில் கடற்கரை முழுவதும் பொதுமக்களுக்கு என்று 1967இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எந்தப் பணக்காரனும் மணலில் வேலி போட்டு யாரையும் துரத்த முடியாது. அந்தக் கரையில் என்னை ஒருவரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள், என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

"குடியால் எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது தெரியுமா" என்று கேட்பவர்களுக்கு. தெரியும். டாஸ்மாக் 2003இல் சில்லறைக் கடைகளைத் திறந்தபோது நான் தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். என் பெரியப்பா குடித்தே ஈரல் கெட்டுச் செத்தார். அவர் தள்ளாடி வந்த ராத்திரிகளில் எழுந்து சோறு போட்டது பெரியம்மா. விடிந்ததும் "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று சொல்லப்பட்டதும் பெரியம்மாவிடம்தான். குடி கெடுதல் என்றால் எல்லோருக்கும் கெடுதல் என்று சொல்லுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன். என் கணவரையும் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காரில் பாட்டில் வைத்துக் குடிக்கிற மாமாக்களிடமும் ஒருமுறை சொல்லிவிட்டு வாருங்கள். படத்தில் இரண்டு கிளாஸ் இருந்தன.

கலாசாரம் என்றவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

நியூபோர்ட் படங்களை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. துறையில் கூண்டு வாடகைக்கு எடுத்து, மீன் தலையைக் கட்டி இறக்கி நண்டு பிடித்தோம். டஞ்சனஸ் என்ற வகை நண்டு. அங்கே பெட்டை நண்டைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். ஆண் நண்டாக இருந்தாலும் ஓட்டின் அகலம் ஐந்தே முக்கால் அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோலை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்துத்தான் வாளியில் போடுவார்கள். வீடியோ காலில் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நண்டைத் திருப்பிப் பிடித்ததுமே, "வயித்து மடல் அகலமா இருக்கு பாரு, பெட்டை, விடு அதை" என்றாள். மீன் மார்க்கெட்டில் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். ராத்திரி தங்கியிருந்த இடத்தில் மிளகு தட்டிப் போட்டு நண்டு வறுத்தேன். இவர் பீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மா அதையும் பார்த்தாள். "நண்டு வெந்துடுச்சா" என்று மட்டும்தான் கேட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அடுத்த நாள் காலையில் இரண்டு சித்திகளும் ஒரு அத்தையும் வரிசையாகப் போன் செய்திருக்கிறார்கள். என் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டு, என் கணவர் இருந்த பாதியை வெட்டிவிட்டு. வெட்டிவிட்டு! இரண்டு கிளாஸில் ஒன்றை வெட்ட உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் மாலை கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

படத்தை எடுக்கப் போவதில்லை. கேட்க வேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள், இல்லை இவரிடம் கேளுங்கள், நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது. இனி ஒருத்தரும் அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள்.